அரசு விதிகளும் நம்மவர் தொழில் முயற்சியும்

நம் கல்விச் சங்கம் கால் நூற்றாண்டு நிறைவெய்தும் இவ்வேளையில் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு விழாக் குழுவினர் கேட்டனர். சங்கம் வளர்ந்த கதையை எழுத நம்மினும் தகுதி வாய்ந்த மூத்தோர் உளர். எனவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். சங்கத்தின் உதவித்தொகை பெற்றுப் படித்தோரில் ஆசிரியர், எழுத்தர், செவிலியர், பொறியாளர் எனப் பலர் உளர். சொந்தத்தில் பட்டறையோ கடையோ ஆலையோ நடத்துவோர் மிகச் சிலரே. கோவையும் திருப்பூரும் ஈரோடும் தொழில் வளத்துக்குப் பெயர்போன ஊர்கள். தெருவுக்குத் தெரு பட்டறை உள்ள இம்மண்ணில் பிறந்து, அப்பட்டறைகளில் வியர்வை சிந்தியும், பட்டறைக்கு உடையவராக நம்மவர் ஆகாதது ஏன்? துணிவில்லை என்பர் சிலர். சேமிக்கும் பழக்கமில்லை என்பர் வேறு சிலர். இவ்வசைகளை நம் இளைஞரே திருப்பிச் சொல்லக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. வரலாற்றைப் புரட்டினால் வேறு விடை கிடைக்கிறது.

அரசு ஒரு விதியை வகுக்கும்போதும் மாற்றும்போதும், இதனால் தொழில் வளருமா தளருமா என்று ஒரு கணக்குப் போடப்படுகிறது. அறிக்கையாக எழுதப்படுவதும் உண்டு. அதிகாரியின் மனத்தளவில் நின்றுவிடுவதும் உண்டு. அக்கணக்கில் எவர் எண்ணப்படுகின்றனரோ அவருக்கு ஏற்பவே விதி திருத்தப்படுகிறது; சலுகையும் இழப்பீடும் அவரையே சென்று சேர்கின்றன. எண்ணப்படாதவர் விதியின் சுமையை மட்டும் தாங்குகின்றனர். நம்மவர் நெடுங்காலம் எண்ணப்படாதவராகவே இருந்தோம். இதனைச் சில நிகழ்ச்சிகளால் காட்ட முயல்வோம்.

நம்மை எண்ணிப் பார்த்த கணக்குகளில் மிகப் பழையது கொங்கு நாட்டில் எழுதப்பட்டதன்று; செங்கற்பட்டில் எழுதப்பட்டது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் 1891-இல் பறையர் நிலை பற்றி ஒரு குறிப்பை அரசுக்கு அனுப்பினார். அக்காலத்தில் தரிசு நிலம் வேண்டுவோர் தர்க்காஸ்து மனு கொடுக்க வேண்டும். எவரும் மனுச் செய்யலாம் என்பதே விதி. ஆயின் மிராசுதாருக்கு முன்னுரிமை உண்டு. சேரியிலிருந்து ஒருவன் மனுக் கொடுத்தால், மிராசுதார் தம் உரிமையைச் சொல்லி அந்நிலத்தைத் தாமே பெற்றுக்கொள்ள முடிந்தது. ஏட்டில் பொதுவாகத் தோன்றிய விதி, களத்தில் ஒரு பிரிவாருக்குக் கதவடைப்பாக இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். அதன் விளைவாக 1892-இல் பிறந்த ஆணையே பஞ்சமி நில ஒப்படைப்புக்கு வழிகோலிற்று. சென்னை மாகாணம் முழுவதும் 12 இலட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

கோவைச் சீமையில் மிராசு முறை இல்லை; இங்கிருந்தது இரயத்துவாரி முறை. இருந்தும் பட்டா நிலம் பெரும்பாலும் பிறரிடமே இருந்தது. நம்மவர் பண்ணையாளாகவும், ஊருக்குத் தோல் வேலை செய்வோராகவும் வாழ்ந்தனர். பஞ்சமி நிலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் 10 ஆண்டுகள் எவருக்கும் கைமாற்றலாகாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே கைமாற்றலாம். ஏமாற்றிப் பிடுங்குவோரிடமிருந்து காக்கவே இவ்விதி வந்தது. அது தேவையான விதியே. எனினும் அவ்வாறு கட்டுண்ட நிலத்தை ஈடு வைத்துத் தொழிலுக்குக் கடன் பெறுவது எளிதாக இல்லை. அண்டை வீட்டுக்காரர் பட்டாவை வங்கியில் வைத்துத் தறி வாங்கினார். நம்மவரால் அது இயலவில்லை. காவலாக வந்த விதி மூலதனம் திரட்டுவதற்குத் தடையாகவும் நின்றதை அன்று எவரும் கணக்கில் கொள்ளவில்லை. அந்தக் காவலையும் மீறிப் பெரும்பகுதி நிலம் பறிபோனது தனிக் கதை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கொங்கு நாட்டின் ஆழ்கிணறுகளில் நீர் இறைத்தது கவலை. எருதுகள் சரிவில் இறங்க, தோல் சாலில் நீர் மேலேறும். சாலின் தோல்வாய், எருதுக்கு வார், உழவர் காலுக்குச் செருப்பு ஆகிய இவையனைத்தும் அருந்ததியர் கைவண்ணம். இறந்த மாட்டின் தோல் அவர்களுக்கு உரியது. கூலியாகக் களத்தில் தானியம் அளக்கப்பட்டது. இது இழிவோடு பிணைந்த தொழில்தான். அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அது ஒரு தொழில்நுட்பம். நீர் சொட்டாமல் தோலைத் தைப்பது எல்லார்க்கும் கைவராது.

1932-33-இல் பைகாரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டினர். விடுதலைக்குப் பின் சிற்றூர்களுக்கு மின்கம்பிகள் சென்றன. 1950-களிலும் 1960-களிலும் கிணற்றுக்குக் கிணறு பம்புசெட்டு ஏறியது. அரசு தன் அறிக்கைகளில் இணைப்புகளை எண்ணியது. பாசனம் பெருகிய பரப்பை எண்ணியது. கவலை நின்றதால் தொழில் இழந்த தோல் வேலையாளரை எண்ணியதாக நாம் படித்ததில்லை. தோல் சால் மீண்டும் வர வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அது போனதால் பண்ணைக் கட்டும் ஓரளவு தளர்ந்தது, அது நன்மையே. நாம் கேட்பது வேறு. பம்புசெட்டுக்கும் தோலால் வாஷர் வேண்டும். ஆலைக்கும் தோலால் பெல்ட்டு வேண்டும். தோலறிந்த கைகளுக்குப் புதிய பட்டறையில் ஓரிடம் ஒதுக்கிக் கடனும் பயிற்சியும் தந்திருந்தால், கோவையின் தொழில் வரலாற்றில் நம் பெயரும் இருந்திருக்கும். இழந்தவர் யாரென்று கணக்கெடுக்காததால் எவர்க்கு உதவுவது என்ற வினாவே எழவில்லை.

ஜி.டி. நாயுடுவின் பெயர் வந்தமையால் ஒன்று சொல்ல வேண்டும். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கியவர் அவர். பிற்காலத்தில் அரசின் வரிக்கொள்கையை எதிர்த்துத் தாம் செய்த பொருள்களையே பலர் அறிய உடைத்துக் காட்டினார். விதிகள் தொழிலைக் கொல்லும் என்பதற்குக் கொங்கு நாட்டில் எல்லாரும் எடுத்துச் சொல்லும் சான்று இதுவே. வகுப்பில் நாமும் சொல்வதுண்டு. அதே பேருந்துத் தொழிலில் மற்றொரு சான்றும் இருக்கிறது. அதைச் சொல்வோர் குறைவு. தென்பாண்டிச் சீமையில் தாழ்த்தப்பட்டோரைப் பேருந்தில் ஏற்ற முதலாளிகள் மறுத்தனர். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், அவ்வாறு மறுக்கும் வண்டிகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். இது 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிகழ்ந்தது. மற்றவர் ஏற மாட்டார், வசூல் குறையும், தொழில் நசியும் என்று முதலாளிகள் அஞ்சியிருப்பர். வண்டி ஓட்டம் நிற்கவில்லை. கட்டணம் கொடுத்து ஏறக் காத்திருந்த கூட்டம் ஒன்று புதிதாகச் சேர்ந்தது. விதியின் விளைவை முதலாளியின் பெட்டியை மட்டும் பார்த்து அளந்திருந்தால் அந்த ஆணை பிறந்தே இராது.

1972-இல் கோவை வட்டாரத் தனியார் பேருந்துகள் பல அரசுடைமையாகிச் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. பேருந்து முதலாளிகளுக்கு அது பேரிழப்பு. நம்மவர்க்கோ, இட ஒதுக்கீட்டு முறைப்படி ஓட்டுநராகவும் நடத்துநராகவும் சேரக் கதவு திறந்தது. ஒரே விதி, இருவேறு வரலாறு. ஆயினும் நமக்குக் கிடைத்தது வேலை; தொழிலுடைமை அன்று. இந்த வேறுபாட்டை இளைஞர் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

இப்போது திருப்பூர். 1925-இல் குலாம் காதர் என்பார் அங்கே பின்னலாடைத் தொழிலைத் தொடங்கினார் என்பர். அவ்வூர் பெருகி வளர்ந்ததில் அரசின் ஒரு விதிக்கும் பங்குண்டு. 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் ஒழுங்குமுறைச் சட்டம் பெருந்தொழில்களை உரிமத்துக்குள் கொணர்ந்தது. 1967-இல் 47 பொருள்களைச் சிறுதொழில்களே செய்யலாம் என்று அரசு ஒதுக்கிற்று. 1978-இல் அப்பட்டியல் 504 ஆயிற்று. பின்னர் 800-ஐத் தாண்டிற்று. பின்னலாடையும் அவற்றுள் ஒன்று. எந்திரங்களுக்கான முதலீடு 1985-இல் 35 இலட்சம், 1991-இல் 60 இலட்சம் என்ற வரம்புக்குள் இருந்தால்தான் சிறுதொழில். வரம்பைத் தாண்டாதிருக்க ஒரே பனியன் பல கைகளுக்குப் பிரிந்தது. பின்னல் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், பவர் டேபிள் ஓரிடம், செக்கிங்கும் அயர்னிங்கும் வேறிடம். ஜாப் ஒர்க் என்று ஊர் முழுவதும் பேசும் அமைப்பு இதுவே. நான்கு மெஷின் வைத்திருந்தால் முதலாளி ஆகலாம். கூலியாக வந்தவர் கம்பெனி தொடங்கிய கதைகள் ஆயிரம். திருப்பூரை ஆராய்ந்து 2004-இல் நூல் வெளியிட்ட சரத் சாரி, உழவர் குடியினர் தொழிலாளராகப் புகுந்து முதலாளிகளான வழியை விரிவாக விளக்கியுள்ளார்.

அந்தக் கூலியாள் எவர் என்பதே நம் வினா. அவருக்கு ஊரில் ஓரிரு ஏக்கர் தோட்டம் இருந்தது. விற்கலாம் அல்லது ஈடு வைக்கலாம். மாமன் மைத்துனர் சீட்டுப் பணம் தந்தனர். நூல் கடையில் அவர் சாதியறிந்து கடன் கொடுத்தனர். "சிறியவர்" என்று அரசு வரையறுத்தவருக்குக் காலடியில் இவ்வளவு நிலம் இருந்தது. நம்மவர்க்கு அது இல்லை. 1981-82, 1996, 2003-04 என மீண்டும் மீண்டும் வந்து கோவை வட்டாரச் சிற்றூர்களை ஆராய்ந்த ஜூடித் ஹெயர் என்னும் அறிஞர், சுற்றிலும் தொழில் செழிக்கையில் அருந்ததியர் பெரும்பாலோர் பண்ணைக் கூலியிலேயே தங்கிவிட்டதையும், அங்கிருந்து வெளியேறியோரும் கூலி வேலைக்கே சென்றதையும் பதிவு செய்துள்ளார். பனியன் கம்பெனிகளில் நம்மவர் புகுந்தது பிந்தித்தான்.

1997-இல் அபித் உசேன் குழு சிறுதொழில் ஒதுக்கீட்டை நீக்கப் பரிந்துரைத்தது. தரம் உயரவில்லை, தொழில் வளர முடியவில்லை, பெரிய எந்திரம் வாங்க வரம்பு தடுக்கிறது என்பன காரணங்கள். எதிர்த்தோர் சிறு முதலாளிகள் அழிவர் என்றனர். 2005-இல் பின்னலாடை பட்டியலிலிருந்து நீங்கிற்று. 2015-இல் கடைசி 20 பொருள்களும் நீங்கின. ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்த இந்த விதியால் நிலமற்றவர் எத்தனை பேர் முதலாளி ஆயினர் என்ற கேள்வி, நீக்குவோர் வாதத்திலும் முதன்மை பெறவில்லை. காப்போர் வாதத்திலும் முதன்மை பெறவில்லை. இருதரப்பும் ஏற்கெனவே தொழிலில் உள்ளவரையே எண்ணினர்.

விதியின் விளைவை அளப்பதில் உலகப் புகழ் பெற்ற ஒரு முயற்சியும் தையல் பட்டறையிலிருந்தே தொடங்கியது என்றால் திருப்பூர்க்காரர்க்கு வியப்பாக இருக்கும். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் தலைநகர் லிமா. அங்கே 1983-இல் எர்னாண்டோ டி சோட்டோவின் ஆய்வு நிறுவனத்தார் ஒரு சோதனை செய்தனர். நகர்ப்புறத்தில் சிறியதொரு ஆடைப் பட்டறை தொடங்குவதாக மனுச் செய்து, எல்லா அனுமதிகளையும் முறைப்படி பெற முனைந்தனர். 289 நாள்கள் ஆயின. ஏழை ஏன் உரிமம் இன்றித் தொழில் செய்கிறான் என்பது அந்த எண்ணிலேயே விளங்கிவிட்டது. சட்டத்தை ஏழையின் இடத்தில் நின்று நடந்து பார்த்த அம்முறை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பின்னர் உலக வங்கி அதே கருத்தை எடுத்து, 2003 முதல் நாடுகளை ஒப்பிட்டு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டது. தொழில் தொடங்க எத்தனை நாள், மின் இணைப்புக்கு எத்தனை நாள் என்று அளந்தது. 2014-இல் வெளியான அறிக்கையில் 142-ஆம் இடத்தில் இருந்த இந்தியா, 2019-இல் வெளியானதில் 63-ஆம் இடத்துக்கு ஏறிற்று. இந்தியாவுக்காக அளக்கப்பட்ட நகரங்கள் இரண்டே: மும்பை, தில்லி. அவிநாசியிலோ தாராபுரத்திலோ பட்டறை போட முயல்பவர் அந்த அளவுகோலுக்குள் வரவில்லை. தரவுகளில் முறைகேடு வெளிப்பட்டு 2021-இல் அவ்வறிக்கையே நிறுத்தப்பட்டது. ஆயினும் அதன் தாக்கம் பெரிது. நாள்கள் எண்ணப்பட்டமையால் நாள்கள் குறைந்தன. தமிழ்நாட்டில் 2018-இல் தொழில் எளிமையாக்கச் சட்டம் வந்து ஒற்றைச் சாளர முறை வலுப்பட்டது. 2020 ஜூலை முதல் உத்யம் பதிவைக் கட்டணமின்றி இணையத்திலேயே செய்துகொள்ளலாம். இவை நமக்கும் நன்மையே; தரகருக்குக் கொடுத்த பணம் மிச்சம்.

எண்ணப்படாதவை அப்படியே இருந்தன. பட்டறைக்கு இடம் வாடகைக்குக் கேட்டால் முதலில் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பர். தெருவின் பெயரைச் சொன்னதும் இடம் "வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது" என்பர். இதற்கு எந்த அறிக்கையில் நாள் கணக்கு உண்டு? வங்கிக்கு வருவோம். சிறு தொழில்களுக்கு 10 இலட்சம் வரை ஈடின்றிக் கடன் தர வேண்டும் என்று 2010-இல் இந்திய ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. நம்மிடம் படித்து ஐ.டி.ஐ. முடித்த ஒருவர் லேத் பட்டறை வைக்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக் கிளைக்குப் போனார். நிலப் பத்திரம் உண்டா என்றே முதல் கேள்வி. அவர் சுற்றறிக்கையின் படி ஒன்றை எடுத்துச் சென்று மேசைமேல் வைத்த பிறகே மனு பதிவேட்டில் ஏறியது. பணம் கைக்கு வர மேலும் ஏழு மாதம் ஆயிற்று. இன்று அவரிடம் இருவர் வேலை செய்கின்றனர். சுற்றறிக்கையைப் படிக்காதிருந்தால் முதல் நாளே திரும்பியிருப்பார். அவரைப் போலத் திரும்பியவர் எவர் ஏட்டிலும் இல்லை.

கணக்கில் வருவதற்கும் வராமைக்கும் உள்ள வேறுபாட்டை நொய்யலைப் போல் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயநீர்த் தொட்டி ஆயிற்று. கீழ்ப்பகுதி உழவர் வழக்காடினர். சூழல் இழப்பை மதிப்பிட அமைந்த ஆணையம் 2004-இல் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு கணித்தது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளிவிடாத முறையை அமைக்கச் சொல்லி, வெளியேற்றும் நீருக்கு லிட்டர் கணக்கில் தண்டமும் விதித்தது. நிறைவேறாமையால் 2011 ஜனவரி 28-ஆம் நாள் 700-க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூட ஆணையிட்டது. அந்த ஆண்டே தமிழக அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்காக 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது.

ஆறு செத்தது, மூடியது சரியே. இதில் நமக்கு இருமனம் இல்லை. ஆயின் இழப்பு எவ்வாறு அளக்கப்பட்டது என்று பாருங்கள். உழவரின் இழப்பு கெட்டுப்போன நிலத்தின் பரப்பைக் கொண்டு, எக்டேர் கணக்கில் மதிப்பிடப்பட்டது. நிலம் இல்லாதவருக்கு எக்டேர் ஏது? வயல் உப்பாகி நடவும் களையும் அறுப்பும் நின்றபோது வேலை இழந்தவர் பெரும்பாலும் நம் பெண்கள். அவர்களுடைய இழப்பை அளக்க எக்டேர் போல் ஓர் அலகு இருக்கவில்லை. முதலாளிகளின் இழப்பு எந்திர முதலீட்டைக் கொண்டும் ஏற்றுமதி வீழ்ச்சியைக் கொண்டும் மதிப்பிடப்பட்டது, கடனும் வந்தது. பட்டறையில் சாயத் தொட்டியருகே நின்ற கூலியாளுக்கு மூடிய மாதங்களின் கூலி எக்கணக்கிலும் ஏறவில்லை. விதி மாறிய பின் மீண்டும் திறந்தோர், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு வாங்க வல்லவர். ஓரிரு தொட்டி வைத்து வாடகைக் கொட்டகையில் சாயம் போட்டவர்கள் திரும்பவில்லை. சிலர் வேறு மாவட்டம் போயினர். சிறியதாகத் தொடங்கலாம் என்று நம்மவர் ஒருவர் நினைத்திருந்தாலும், அந்த வாயிற்படியின் உயரம் ஒரே ஆண்டில் எட்டாததாயிற்று. அவருடைய தொடங்காத பட்டறையை மூடியதாக யாரும் கணக்கெழுத முடியாது.

எண்களையும் ஒருமுறை பார்ப்போம். 2005-ஆம் ஆண்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி இந்தியத் தொழில் நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு உரியவை 9.8 விழுக்காடு, மக்கள்தொகையில் நம் பங்கு 16 விழுக்காட்டுக்கு மேல். 2015-16-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வில், குறுந்தொழில்களில் 12.48 விழுக்காடு, சிறு தொழில்களில் 5.50, நடுத்தரத் தொழில்களில் சுழியம். மேலே ஏற ஏற நாம் மறைகிறோம். தொடங்க இயலவில்லை என்பதைவிட, தொடங்கியது வளர இயலவில்லை என்பதையே இந்த எண்கள் நமக்குச் சொல்கின்றன. கடனுதவி பற்றிய பேச்சே மிகுந்துள்ள நம் கூட்டங்களில் இதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

வளர வேண்டுமானால் வாங்குவோர் வேண்டும். 2012-இல் மத்திய அரசு, தன் துறைகளும் நிறுவனங்களும் செய்யும் கொள்முதலில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து இருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஆண்டுகள் பல கடந்தும் அந்த 4 எட்டப்படவில்லை. போதிய விற்பனையாளர் இல்லை என்று விடை வரும். ஒப்பந்தப் புள்ளியைப் படித்தால் மூன்றாண்டு அனுபவம் கேட்டிருக்கும். இத்தனை இலட்சம் விற்றுமுதல் கேட்டிருக்கும். நேற்றுவரை நுழைய விடாதவரிடம் நேற்றைய அனுபவம் கேட்கும் நிபந்தனை அது. நல்ல விதி ஒன்றை மற்றொரு விதி சத்தமின்றி விழுங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருவதாக வகுக்கப்பட்டது. அதன்கீழ் 2024-இல் சென்னையில் ஒன்று நிகழ்ந்தது. கழிவுநீர்க் குழாய்களில் வேலை செய்த தூய்மைப் பணியாளர் இருநூறு பேருக்கு மேல், எந்திர ஊர்திகளுக்கு உடையவர் ஆயினர். சென்னைக் குடிநீர் வாரியம் அவ்வூர்திகளுக்குப் பல்லாண்டு வேலை தருவதாக ஒப்பந்தம் செய்தது. கடன் கொடுத்து, வண்டி வாங்கச் சொல்லி, வேலையை நீயே தேடிக்கொள் என்று விடாமல், வேலையை முதலில் உறுதி செய்தமையே இதன் சிறப்பு. குழியில் இறங்குவதைத் தடுக்க 2013-இல் சட்டம் வந்தது. இறங்கியவரைத் தொழிலுடையவர் ஆக்குவது எப்படி என்ற கணக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. கொங்கு நாட்டு நகராட்சிகளும் இதைக் கேட்டு வாங்க வேண்டியவையே.

விதியின் விளைவைச் சொல்லி விதியை மாற்றுவது முடியாத காரியமன்று. கோவைப் பொறியியல் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாக இருந்தது. சிறு பட்டறைச் சங்கத்தார் ஓயாமல் மனு எழுதினர். 2019-இல் அது 12 ஆகக் குறைந்தது. கொடிசியாவுக்கும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்துக்கும் அலுவலகம் உண்டு, செயலர் உண்டு, அரசிதழ் படிக்க ஆள் உண்டு. மத்திய அரசு 2014-இல் ஏற்ற ஒரு நெறியின்படி, சட்ட வரைவையும் விதி வரைவையும் 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, அதனால் பாதிக்கப்படுவோரின் வாழ்வாதாரம் என்னவாகும் என்ற மதிப்பீட்டையும் உடன் வெளியிட வேண்டும். பல வரைவுகளில் இது பின்பற்றப்படுவதில்லை. பின்பற்றப்படும்போதும் நம் சேரியிலிருந்து அஞ்சல் ஒன்று போவதில்லை.

நம் சங்கத்தின் மாலை வகுப்பு இளைஞர் நால்வர் சென்ற ஆண்டு ஒரு வேலையைத் தொடங்கினர். சுற்றுவட்டச் சிற்றூர்களில் நம்மவர் தொழில் முயற்சிகளை ஒரு நோட்டில் எழுதி வருகின்றனர். முதல் பத்தியில் இப்போது நடப்பவை. இரண்டாம் பத்தியில் தொடங்கி மூடியவை, மூடிய காரணத்தோடு. மூன்றாம் பத்தி நாம் சொல்லிச் சேர்த்தது: தொடங்க நினைத்து, மனு எழுதியோ எழுதாமலோ, தொடங்க முடியாமற்போனவர். எந்த அலுவலகத்தில், எந்தத் தாள் இல்லையென்று திரும்பினார் என்பதையும் கேட்டு எழுதுகின்றனர். முதல் இரண்டு பத்திகளுக்கும் ஒரு நோட்டுப் போதுமானதாக இருந்தது. மூன்றாம் பத்திக்கு இப்போது இரண்டாவது நோட்டு வாங்கியிருக்கின்றனர்.